கெர்னல் பேனிக்: திரையில் நிற்கும் அந்த இரண்டு எண்கள்

சொந்தமாகக் கம்பைல் செய்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) முதல் பூட்டிலேயே படுத்துவிட்டால், பெரும்பாலும் திரையில் கடைசியாக நிற்பது 'அன்னோன்-பிளாக் (0,0)' என்று முடியும் ஒரு வரி. ரூட் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது லினக்ஸ் நிறுவப்பட்டுள்ள பார்ட்டிஷனை, மவுண்ட் செய்ய (திறந்து இணைக்க) முடியவில்லை என்று அர்த்தம். எல்லோரும் 'பேனிக்' (மீள முடியாத பிழையில் கெர்னல் நின்றுபோவது) என்ற சொல்லைப் பார்த்துப் பதறுகிறார்கள். பார்க்க வேண்டியது அடைப்புக்குள் இருக்கும் எண்களை.

0,0 என்றால் ரூட் டிஸ்க் எது என்பதே கெர்னலுக்குப் பிடிபடவில்லை. 8,1 என்றால் முதல் சாட்டா டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்துவிட்டது, அதைப் படிக்கத் தெரியவில்லை: எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டம், கெர்னலில் எவை சேர வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக்கில் விடுபட்டிருக்கும். என்விஎம்ஈ (வேகமான எஸ்எஸ்டி வகை) பார்ட்டிஷன் என்றால் முதல் எண் பெரும்பாலும் 259.

அதிகம் வருவது 0,0 தான். டெபியனின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே எடுத்தால் என்விஎம்ஈ டிரைவரும் எக்ஸ்ட்4-உம் 'எம்', அதாவது கெர்னலுக்கு வெளியே தனி ஃபைலாக இருந்து, தேவைப்படும்போது ஏற்றப்படும் மாட்யூல். அந்த மாட்யூல்கள் இருப்பதோ, அவை இல்லாமல் திறக்கவே முடியாத அதே டிஸ்க்கில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. இந்தச் சிக்கலுக்காகவே இனிட்ராம்எஃப்எஸ் இருக்கிறது: தேவையான மாட்யூல்களைச் சுமந்துகொண்டு கெர்னலோடு நேராக ராமுக்குள் வரும் சிறு பொதி.

பேனிக்குக்குச் சற்று மேலே, கெர்னல் தனக்குத் தெரியும் பார்ட்டிஷன்களைப் பட்டியல் போட்டிருக்கும். பட்டியல் காலி என்றால் டிஸ்க் டிரைவர் இல்லை. உங்கள் டிஸ்க் அதில் இருந்தும் 0,0 வந்தால், ரூட் டிஸ்க் எது என்று கெர்னலுக்குச் சொல்லும் 'ரூட்=' மதிப்பைச் சந்தேகியுங்கள். யூயூஐடியை (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) தேடிப் பிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை. இந்த இரண்டு அடையாள எண்களில் கெர்னல் தனியாகப் புரிந்துகொள்வது பார்ட்யூயூஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்) மட்டுமே. எல்லா டிரைவரையும் 'ஒய்' (கெர்னலுக்குள்ளேயே சேர்ப்பது) வைத்தும் பூட் ஆகாமல் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

மீட்க, க்ரப் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போங்கள். போகுமுன் புதிய கெர்னலின் வரியில் நின்று 'ஈ' தட்டிப் பாருங்கள்: 'லினக்ஸ்' வரிக்குக் கீழே, இனிட்ராம்எஃப்எஸ்ஸை ஏற்றும் 'இனிட்ஆர்டி' வரி இல்லையா? காரணம் கிடைத்துவிட்டது. டெபியனில் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' முடித்து, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என்பதோடு புதிய பதிப்பின் முழுப் பெயரையும் கொடுத்து ஓட்டி, பிறகு 'அப்டேட்-க்ரப்'.

கம்பைலுக்கு முன்பே 'லோக்கல்வெர்ஷன்' கான்ஃபிக்கில் ஒரு பின்னொட்டு சேர்ப்பது அவசியம். பெயர் ஒன்றாகவே இருந்தால் பழைய மாட்யூல்கள் மேலெழுதப்பட்டு, திரும்பிப் போக வைத்திருந்த கெர்னலும் கையைவிட்டுப் போகும்.

இன்னொரு தொல்லை, டீபக் (பிழை தேடும்) தகவலோடு மாட்யூல்களை நிறுவுவது. இனிட்ராம்எஃப்எஸ் நூற்றுக்கணக்கான எம்பிக்கு ஊதி, 'பூட்' பார்ட்டிஷன் நிரம்பி, ஃபைல் பாதியில் அறுந்துவிடலாம். அப்போதும் கண்ணில் படுவது அதே 0,0 தான். நிறுவும்போது 'இன்ஸ்டால்_மாட்_ஸ்டிரிப்=1' சேர்த்தால் பொதி வெகுவாக மெலியும்.