கருகிய மாவூறலா, வறுமுளையா?

கறுப்பு பீர்களைப் பற்றித் தமிழில் வரும் சுவைக்குறிப்புகளில் ‘கருகிய மாவூறலின் சுவை’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஸ்டவுட், போர்ட்டர், ஜெர்மன் ஷ்வார்ஸ்பியர் என எதுவானாலும் இதே தொடர்தான். ரோஸ்டட் மால்ட் என்பதற்கு இதுதான் தமிழ் என்று நினைத்து எழுதுகிறார்கள். இருப்பது இரண்டே சொல், இரண்டும் பிழை. முதல் சொல் நல்ல பீரைக் கெட்டுப்போன பீராகக் காட்டுகிறது. இரண்டாவது சொல், ஒரு பொருளுக்குரிய பெயரைப் பிடுங்கி வேறொன்றுக்கு வைக்கிறது.

மால்ட் என்ற சொல்லின் கதை சிறியது. பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் ஜெர்மானியச் சொல் அது. ஜெர்மனில் மால்ட்ஸ் என்பார்கள். இளகுதல், மென்மையாதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. உருகுவதைக் குறிக்கும் மெல்ட்டும் இதற்கு உறவுதான். பொருளும் பொருந்துகிறது. பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, முளை நீளும் முன்பே சூட்டில் உலர்த்தி நிறுத்திவிட்டால், கல்போல இருந்த மணி பல்லில் பொடியும். அதுதான் மால்ட். வெளிர் மால்ட்டுக்குக் கடைசியில் 80, 85 டிகிரி செல்சியஸ் சூடு போதும். 200 டிகிரிக்கு மேல் உருளையில் போட்டுச் சுழற்றினால் ரோஸ்டட் மால்ட்.

இப்போது மாவூறலுக்கு வருவோம். மாவு, ஊறல் என்று பிரித்துப் பார்த்தாலே சிக்கல் தெரிந்துவிடும். மால்ட் மாவு இல்லை, முழு மணி. ஊறலும் இல்லை. ஊறவைப்பது தொடக்க வேலை மட்டும். வேலை முடிந்த மால்ட்டில் ஈரம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான் இருக்கும். வாயில் போட்டால் மொறுமொறுவென்று இருக்கிற ஒரு பொருளை ஊறல் என்று எப்படிச் சொல்வது? பீர்க்கூடத்தில் மாவூறல் என்று சொல்லத்தக்க பொருள் ஒன்று உண்மையிலேயே உண்டு. மால்ட்டை நொறுக்கிச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைக்கிறார்களே, மேஷ் என்கிறார்களே, அந்தக் கூழ்தான் அது. ஸ்டார்ச் சர்க்கரையாக மாறுவது அங்கேதான். மாவூறலை மால்ட்டுக்குக் கொடுத்துவிட்டால் மேஷுக்கு என்ன சொல்வது?

இன்னொன்று, ஊறல் என்ற சொல் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று செய்தித்தாளில் படிக்காதவர் யார்? வெல்லமும் பட்டையும் போட்டுப் புளிக்க வைத்து, காய்ச்சுவதற்குத் தயாராக இருக்கும் நீர் அது. அந்தச் சொல்லோடு மாவைச் சேர்த்துப் பீர் பற்றிய கட்டுரையில் வைத்தால், மாவைப் புளிக்க வைத்த கள்ளச் சரக்கு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அவர்மேல் தப்பில்லை.

பழைய கலைச்சொல் பட்டியல்களில் மாவூறல் இருக்கிறது என்று பதில் வரும். இருக்கட்டும். பட்டியல் போட்டவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி. மால்ட்டும் மாவும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் வந்த மயக்கமோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. எப்படி வந்திருந்தாலும், பட்டியலில் ஏறிவிட்டது என்பதற்காகப் பிழை சரியாகிவிடாது.

தமிழுக்கு இந்தப் பொருள் புதிதும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் முறை ஒன்று வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, அதில் ‘நல்லடை’யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, பிழிந்து எடுக்கிறார்கள். அந்த நல்லடைக்கு உரை சொல்லும் பொருள் முளை. முளையை இடித்துக் களியில் கலக்கிறார்கள் என்றால், இன்றைய பீர்க்கூடத்தில் மால்ட் செய்யும் அதே வேலையைச் செய்யவைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். முளை என்ற சொல் இந்தத் தொழிலுக்குள் அவ்வளவு காலமாக இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கும் வீடுகளிலும் முளை என்ற பேச்சுதான் இருக்கிறது. ஆகவே மால்ட்டுக்கு முளைக்கூலம். கூலம் என்றால் தானியம். கூலவாணிகன் சாத்தனாரை அறிந்தவர்களுக்கு அந்நியமான சொல் இல்லை. பேச்சில் மால்ட் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், எனக்கு அதில் வருத்தம் இல்லை. தவறான தமிழைவிடத் தமிழ் எழுத்தில் எழுதிய மால்ட் மேல்.

சரி, ‘கருகிய’ என்பதற்கு வருவோம். எனக்குக் கோபம் அதிகம் இதன்மேல்தான். வறுப்பதன் படிகளைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. வெதுப்புவது, வாட்டுவது, பொன்னிறமாக வறுப்பது, சிவக்க வறுப்பது, பொரிவது, தீய்வது, காந்துவது, கருகுவது என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் மிளகாயையும் மல்லியையும் நன்றாகக் கறுக்க வறுத்து இடிக்கும் தூளை வறுத்த தூள் என்பார்களே தவிர, கருகிய தூள் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது திட்டு. சமையல் குறிப்பு எழுதுபவர் ‘வாசம் வரும்வரை வறுக்கவும், கருகவிட வேண்டாம்’ என்று எல்லையைச் சரியாகப் போடுகிறார். பீரைப் பற்றி எழுதுபவர் அதே எல்லையை அழித்துவிடுகிறார்.

சுவைத்து மதிப்பிடும் வேலையில் இந்த எல்லைதான் முக்கியம். பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார்செய்யும் பிஜேசிபி அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஒரு ஐரிஷ் ஸ்டவுட்டை ஊற்றியதும், நுரை அடங்குவதற்குள் முகர்ந்துவிட வேண்டும், மணம் காத்திருக்காது. புதிதாக வறுத்த காபிக்கொட்டை, இனிப்பில்லாத கோகோ, ரொட்டியின் மேலோடு ஆகியவை வந்தால் வறுவல் சரியாக இருக்கிறது. கண்ணாடிக் குவளையை விளக்குக்கு நேரே பிடித்தால், கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் மாதுளைச் சிவப்பாகத் தெரியும். அப்புறம் ஒரு வாய். விழுங்கிய பிறகு நாக்கில் காபியின் கசப்பு நின்று மெல்ல மறைந்தால் நல்லது. தொண்டையில் சாம்பல்போல ஒட்டிக்கொண்டு வறட்டினால், அதுதான் கருகல், அங்கே மதிப்பெண் குறையும். அமெரிக்க ஸ்டவுட் போன்ற சில வகைகளில் லேசான கருகலை ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்காகவேனும் இரண்டு சொல் வேண்டுமே! எல்லாவற்றையும் கருகியது என்று எழுதிவிட்ட பிறகு, உண்மையிலேயே கருகியதை எப்படி எழுதுவது?

வரலாறும் இந்த வேறுபாட்டின் பக்கம்தான் நிற்கிறது. லண்டன் போர்ட்டருக்கு ஒரு காலத்தில் பழுப்பு மால்ட் மட்டுமே போட்டார்கள். வெளிர் மால்ட்டில் சர்க்கரை அதிகம் கிடைக்கிறது என்று, நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டிக்கொடுத்ததும் அதற்கு மாறினார்கள். நிறம் போய்விட்டது. அதை ஈடுகட்டக் கருக்கிய சர்க்கரையைக் கலந்தார்கள். 1816ல் சட்டம் அதைத் தடுத்தது. மறு ஆண்டே, 1817ல், டேனியல் வீலர் என்பவர் காபிக்கொட்டை வறுப்பதுபோல இரும்பு உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கொஞ்சம் போட்டாலே பீப்பாய் முழுக்கக் கறுப்பு நிறம் வந்துவிடும். ஆக, கருக்கியது சர்க்கரை, வறுத்தது மால்ட். வறுத்தது வந்ததே கருக்கியதன் இடத்தைப் பிடிக்கத்தான். மால்ட்டின் தலையில் கருகியதை ஏற்றுபவர்கள் இந்த வரலாற்றையே தலைகீழாக்குகிறார்கள். இன்றும் கறுப்பு மால்ட் வறுப்பவர், கடைசி நிமிடங்களில் உருளைக்குள் தண்ணீரைத் தெளித்துச் சூட்டை இறக்குகிறார். கருகிவிடக் கூடாது, தீப்பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தண்ணீர்.

அதனால் நான் சொல்லும் சொல் வறுமுளை. வறுகடலை எப்படியோ அப்படி. வறுத்த, வறுக்கிற, வறுக்கும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. வறுமுளைச் சுவை, வறுமுளை மணம் என்று ஒட்டுகள் எளிதாகச் சேரும். வறுமை ஞாபகம் வருகிறது என்று ஒரு நண்பர் மறுத்தார். வறுகடலை வாங்கும்போது யாருக்கும் வறுமை ஞாபகம் வருவதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுவதில்லை. டிரை ஸ்டவுட்டை உலர்ந்த ஸ்டவுட் என்று எழுதுகிறார்கள். குடிக்கிற பொருள் எப்படி உலரும்? இனிப்பு ஒடுங்கியது என்பதுதான் அங்கே பொருள்; இனிப்பில்லா ஸ்டவுட் என்றால் போதும். பாடி என்பதை உடல் என்கிறார்கள். மோர் கெட்டியாக இருக்கிறது, நீர்த்திருக்கிறது என்று தினமும் பேசும் நமக்கு, கனத்தைச் சொல்ல உடலைக் கடன் வாங்கும் தேவை எங்கே வந்தது? சாக்லேட் மால்ட்டைச் சாக்லேட் கலந்த மாவூறல் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். அதில் சாக்லேட் துளியும் இல்லை. வறுத்த நிறத்தை வைத்து வந்த பெயர் அது. ஒவ்வாமை உள்ளவர் ஒருவர் அதை நம்பி ஒதுங்கினால், அல்லது ஆசைப்பட்டு வாங்கினால், பொறுப்பு யாருடையது? சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. நுவரெலியாவில் மலையகத் தமிழர் நடுவே தொடங்கிய மதுவாலையின் மரபில் வரும் லயன் ஸ்டவுட், 8.8 சதவீத ஆல்கஹாலோடு, கோகோவும் காபியும் மணக்க உலகம் சுற்றுகிறது. அதைக்கூடத் தமிழில் கருகிய மாவூறல் என்று எழுதினால் எப்படிப் பொறுப்பது?

ஒன்று மிச்சம் இருக்கிறது. அயர்லாந்தின் டப்ளினில் பிறந்த ஸ்டவுட்டான கின்னஸில் அந்தக் காபி மணத்தைக் கொடுப்பது மால்ட்டே இல்லை. முளைக்கவிடாமல் நேரடியாகச் சுமார் 230 டிகிரியில் வறுத்த பார்லி. அது கொஞ்சம் புளிப்பையும் தரும். டப்ளின் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் என்ற கார உப்பு அந்தப் புளிப்பைச் சமன்செய்யும் என்பதால்தான் அந்த ஊர் ஸ்டவுட்டுக்குப் பேர்போனது. கருகிய மாவூறல் என்று எழுதுபவரால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவே முடியாது. முளைத்ததை வறுத்தால் வறுமுளை, முளைக்காததை வறுத்தால் வறுபார்லி. பார்லிக்கு வாற்கோதுமை என்று எழுத விரும்புபவர்கள் தாராளமாக எழுதட்டும். வறு என்ற பகுதியை மட்டும் மாற்ற வேண்டாம்.