காது மந்தம் வயதோடு வருவது என்று விட்டுவிட வேண்டாம்: செவித்திறன் குறைபாட்டுக்கு உள்ள அரசு உதவிகள்

களக்காடு, சேரன்மகாதேவி, ராதாபுரம் என நெல்லைச் சீமையின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருவோரில் முதியவர்கள் பலர். அறுபது வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்குமளவு செவித்திறன் குறைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆனாலும் மருத்துவர் கேட்காமல் தாமாகவே காதைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று செவிலியர் சொன்னது காதில் விழாமலேயே தலையாட்டிவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை செல்லும்போது காதையும் பார்க்கச் சொல்லுங்கள். காது நோய்களுக்கான அடிப்படைக் கவனிப்பு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தர வேண்டிய சேவைகளில் ஒன்று. 2007-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய காது கேளாமைத் தடுப்புத் திட்டமும் இந்த நிலையிலேயே குறையைக் கண்டறிவதைத்தான் நோக்கமாகக் கொண்டது. அழுக்கு அடைத்திருந்தாலோ சீழ் வடிந்தாலோ சிகிச்சையிலேயே கேட்கும் திறன் மீளக்கூடும். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

நரம்புக் குறைபாடு என்று சந்தேகித்தால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே செய்யப்படும் செவித்திறன் பரிசோதனையின் அளவைக் கொண்டுதான் மாற்றுத்திறனாளி சான்றிதழின் சதவீதம் கணக்கிடப்படுகிறது. பலர் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான். உதவிகள் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். ஆனால் கணக்கில் நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கும் மோசமான காதுக்கு ஒரு பங்கும் தரப்படுவதால், ஒரு காது முழுவதும் கேளாமல் மற்றது நன்றாக இருப்பவருக்கு ஏறத்தாழ 17 சதவீதமே வரும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இரண்டு காதுகளிலும் 60 டெசிபலுக்கு (ஒலியை அளக்கும் அலகு) மேற்பட்ட இழப்பையே கருத்தில் கொள்கிறது. இரு காதும் மந்தமான முதியவர்கள் இதற்குள் வரக்கூடும் என்பதால், பரிசோதிக்காமல் கிடைக்காது என்று முடிவுசெய்துவிடக் கூடாது.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கருவி வழங்க 2017 முதல் ராஷ்டிரிய வயோஸ்ரீ என்ற மத்தியத் திட்டமும் உள்ளது.

குழந்தைகள் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்பதே மருத்துவ நெறி. நெருங்கிய சொந்தத்தில் மணமுடித்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அந்தக் குடும்பங்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்டே செய்துகொள்ள வேண்டும். குறை உறுதியான ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவியை (உட்காதின் நரம்பை நேரடியாகத் தூண்டிக் கேட்கச் செய்வது) பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு வழியுண்டு.

கருவி கிடைத்தபின் இரைச்சல் தாங்காமல் கழற்றிவைத்துவிடுபவர்கள் உண்டு. அதைப் பரிசோதனை செய்த இடத்துக்கே எடுத்துச் சென்று, ஒலியளவையும் காதில் பொருந்தும் அச்சையும் சரிசெய்து தரும்படி கேட்கலாம்.