பாதி நிரம்பிய டேங்கர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

“முழு லோடு டேங்கரைவிடப் பாதி லோடு டேங்கர்தான் அதிகம் கவிழுதாமே, எடை குறைஞ்சா பாதுகாப்பு கூடத்தானே வேணும்?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று புள்ளிவிவரம் பற்றியது, மற்றது தொட்டிக்குள் ஆடும் திரவம் பற்றியது. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

அமெரிக்க அரசுக்காக 2007இல் முடிக்கப்பட்ட ஓர் ஆய்வு, அந்நாட்டில் ஆண்டுக்கு 1,300க்கும் மேற்பட்ட டேங்கர்கள் கவிழ்வதாகக் கணக்கிட்டது. ஓட்டுநர் பயிற்சிக்காக அங்கே வெளியிடப்பட்ட தகவல்களில், கவிழ்ந்த டேங்கர்களில் 63 சதவீதம் பகுதி லோடுடன் ஓடியவை என்ற எண் வருகிறது. வாசகர் கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். இந்த எண்ணை வைத்து மட்டும் பாதி லோடு ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. எரிபொருள் டேங்கர் ஒன்று நிரம்பிக் கிளம்பி, நான்கு இடங்களில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது என்றால், முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே அது ஓடுவதெல்லாம் பகுதி லோடில்தான். டேங்கர்கள் ஓடும் மொத்தக் கிலோமீட்டரில் 63 சதவீதம் பகுதி லோடு ஓட்டம் என்றால், அந்தப் புள்ளிவிவரம் எந்த ஆபத்தையும் காட்டவில்லை. 30 சதவீதம்தான் என்றால் பெரிய ஆபத்தைக் காட்டுகிறது. மேலே போட எண் இருக்கிறது, கீழே வகுக்க எண் இல்லை.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, இரட்டை அடுக்குப் பேருந்து, பல இழுவைகள் கோத்த சரக்கு வண்டி என எல்லாச் சிறப்பு வாகனங்களுக்கும் இதே சிக்கல்தான். எண்ணிக்கையில் குறைந்தவை, ஓடும் விதத்தில் மாறுபட்டவை. பதிவான வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விடை, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் வேறொரு விடை. விபத்து நடந்தபின் எண்ணுவதற்கு எப்போதும் பணம் கிடைக்கிறது, விபத்தே இல்லாமல் ஓடிய கிலோமீட்டர்களை எண்ணுவதற்குத்தான் யாரும் நிதி ஒதுக்குவதில்லை. இத்தனைக்கும் ஜிபிஎஸ் பொருத்திய ஒவ்வொரு வண்டியும் அந்தக் கணக்கைத் தினமும் எழுதிக்கொண்டேதான் ஓடுகிறது.

இனி தொட்டிக்குள் போவோம்.

வளைவில் வண்டி கவிழ்வது பள்ளிக்கூடக் கணக்கு. டயர்களைச் சாலை உள்பக்கமாகப் பிடித்து இழுக்கிறது, மேலே இருக்கும் எடை நேராகப் போகப் பார்க்கிறது. வண்டியின் அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கவிழ்வு வரம்பு கிடைக்கும். அகலம் என்று இங்கே சொல்வது இரு பக்கச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை. விடை ‘ஜி’ கணக்கில் வரும். ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம். சாதாரணக் காருக்கு இது ஒரு ஜிக்கு மேல், அதனால் கார் கவிழ்வதற்கு முன் சறுக்கிவிடும். பாரம் ஏற்றிய கனரக வண்டிகள் பலவற்றுக்கு 0.3 முதல் 0.4 ஜிதான். அவை சறுக்கும்வரை காத்திருப்பதில்லை, நேராகக் கவிழ்ந்துவிடும்.

60 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் பக்கவாட்டு முடுக்கம் 0.21 ஜி, 50 கிலோமீட்டரில் 0.33, 55 கிலோமீட்டரில் 0.40. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 40க்கும் 55க்கும் இடையில் அது ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. காரில் போகிறவருக்கு 55 சற்று வேகமான திருப்பம், அவ்வளவுதான். பல டேங்கர்களில் அதே வேகம் வரம்பை எட்டிவிடுகிறது.

இதுவரை சொன்னது கெட்டியான சரக்குக்கு. திரவம் வந்ததும் கதை மாறுகிறது.

உருளை வடிவத் தொட்டியின் குறுக்குவெட்டை, அதாவது ஒரு வட்டத்தை, மனதில் வரையுங்கள். பாதிவரை திரவம். அசையாமல் நிற்கும் திரவம் ஒரு சுவரை எப்போதும் அந்தச் சுவருக்குச் செங்குத்தாகவே அழுத்தும். வட்டத்தின் சுவருக்குச் செங்குத்தான கோடு எது? ஆரம். எல்லா ஆரங்களும் எங்கே சந்திக்கும்? மையத்தில். ஆகவே, திரவம் அடியில் கிடந்தாலும், ஒரு பக்கமாக ஏறி நின்றாலும், அது தொட்டியின் மேல் செலுத்தும் மொத்த விசை வட்டத்தின் மையம் வழியாகத்தான் போயாக வேண்டும். தொட்டியில் கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் இதுவேதான்.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாதி திரவம் தொட்டியின் அடியில்தானே கிடக்கிறது, ஈர்ப்பு மையம் தாழ்வாகத்தானே இருக்கும், வண்டி உறுதியாக நிற்க வேண்டாமா? திரவம் அப்படியே உறைந்து கெட்டியாக இருந்தால் நிற்கும். திரவமாக இருக்கும்வரை, சீரான வளைவில் அதன் எடை முழுவதும் தொட்டியின் மைய அச்சில் வைத்தது போலவே வண்டி உணர்கிறது. கண்ணுக்குத் தாழ்வாகத் தெரியும் எடை, வண்டியின் கணக்கில் ஒரு ஊசல்குண்டு. ஊசல் மாட்டிய ஆணி தொட்டியின் நடுவில் இருக்கிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். தொட்டியின் ஆரம் 1 மீட்டர், நீளம் 10 மீட்டர், கொள்ளளவு சுமார் 31,400 லிட்டர். வெற்று வண்டி 14 டன், அதன் ஈர்ப்பு மையம் 1.1 மீட்டர் உயரத்தில். தொட்டியின் மையம் 2.1 மீட்டர் உயரத்தில். அகலத்தில் பாதி 0.95 மீட்டர். உள்ளே பெட்ரோல், லிட்டருக்கு 0.74 கிலோ. பாதி நிரப்பினால் 11.6 டன், அதன் ஈர்ப்பு மையம் தொட்டி மையத்துக்கு 42 சென்டிமீட்டர் கீழே. அதை உறைந்த கட்டியாக வைத்துக் கணக்கிட்டால் வரம்பு 0.70 ஜி. திரவமாக வைத்தால் 0.61. 95 சதவீதம் நிரப்பினால் சுமார் 0.55. இது விறைப்பான வண்டிக்கான கணக்கு. டயரும் ஸ்பிரிங்கும் அமுங்கி வண்டி சாய்வதால் நிஜத்தில் மூன்றுமே இன்னும் இறங்கும். ஆனாலும் வரிசை மாறாது.

ஆக, சீராக வளைந்து போகும் சாலையில் நிறைந்த டேங்கர்தான் மோசம், பாதி டேங்கர் கொஞ்சம் தேவலை. வாசகரின் உள்ளுணர்வு இதுவரை சரி.

ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால்தான் தொல்லை. மெல்ல இழுத்த ஊசல் புதிய இடத்துக்கு நகர்ந்து நிற்கும். திடீரென்று தள்ளிய ஊசல் அந்த இடத்தைத் தாண்டி, ஏறக்குறைய இரு மடங்கு தூரம் போய்த்தான் திரும்பும். 0.2 ஜியில் பாதித் தொட்டியின் எடை பக்கவாட்டில் நகர வேண்டியது 8 சென்டிமீட்டர், திடீர்த் திருப்பத்தில் 16 சென்டிமீட்டர் வரை போகும். 11.6 டன் எடையைத் தூக்கி 16 சென்டிமீட்டர் ஓரமாக வைப்பதற்குச் சமம். இதைச் சேர்த்தால் பாதி டேங்கரின் வரம்பு 0.61இலிருந்து சுமார் 0.55க்கு இறங்கிவிடுகிறது. 10 டன் குறைவாக ஏற்றியதால் கிடைத்த லாபம் அங்கேயே காலி.

அதோடும் நிற்பதில்லை. ஊசலுக்கு ஒரு காலம் உண்டு. இந்த அளவுள்ள தொட்டி பாதி நிரம்பியிருந்தால் திரவம் பக்கவாட்டில் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 1.7 நொடி. எதிரே எதையோ கண்டு வலப்பக்கம் ஒடித்து, உடனே இடப்பக்கம் திருப்பித் தடத்துக்கு வர ஓட்டுநருக்கு எவ்வளவு நேரமாகும்? இரண்டு, மூன்று நொடி. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, இரண்டாவது திருப்பம் முதல் அலை திரும்பி வரும் வேளையில் விழுகிறது. அலை இரு மடங்கையும் மீறி ஏறும். பல டேங்கர்கள் இப்படி முதல் ஒடிப்பைச் சமாளித்து, வண்டியைத் தடத்துக்குத் திருப்பும்போது கவிழ்கின்றன.

நிறைகுடம் தளும்பாது என்பதற்கு இங்கே ஓர் அழகான கணிதம் இருக்கிறது. வட்டத் தொட்டியில் தளும்பலின் வலு, திரவ மட்டத்தின் அகலத்தை, அதாவது வட்டத்தின் நாணை, முப்படியாக்கினால் வருவதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். நாண் மிக நீளமாக இருப்பது எப்போது? அது விட்டமாகும்போது, சரியாகப் பாதியில். 80 சதவீதம் நிரப்பினால் வலு உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கு. 95 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முழுக்க நிரப்பிவிடலாமே என்றால் முடியாது. பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும், நம் தொட்டியில் அது 300 லிட்டர். அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும்.

தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். இருக்கும். ஆனால் பெரும்பாலான டேங்கர்களில் அவை வண்டியின் குறுக்கே நிற்பவை. ஓட்டைகள் உள்ள அந்தத் தகடுகள் முன்பின்னாக ஓடும் அலையைத்தான் உடைக்கும். பக்கவாட்டுத் தளும்பலுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. தகடுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பகுதியும் மேலே வரைந்த அதே வட்டம்தான். பக்கவாட்டைத் தடுக்கத் தொட்டியின் நீளவாக்கில் தகடு வைக்க வேண்டும். எடை கூடும், வெல்டிங் விரிசல் விடும், உள்ளே இறங்கிச் சோதிப்பது கடினம். பால் டேங்கரில் குறுக்குத் தகடுகூட வைப்பதில்லை, மூலைகளில் பால் தங்கிக் கிருமி வளரும் என்பதால் உள்பக்கம் வழவழவென்று இருக்கும். 10 மீட்டர் நீள வழவழத் தொட்டி பாதி நிரம்பியிருந்தால், அலை ஒரு முனையிலிருந்து மறுமுனை போகச் சுமார் மூன்றரை நொடி. சிக்னலில் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், பின்னாலிருந்து திரும்பும் அலை வண்டியைச் சந்திப்புக்குள் தள்ளும். நின்ற பிறகும் காலை எடுக்காமல் எண்ணிக்கொண்டிருப்பது அந்த வண்டி ஓட்டுபவர்களின் பழக்கம்.

ஆபத்தான பொருள்களைச் சாலையில் கொண்டுசெல்வதற்காக ஐரோப்பாவில் உருவான பன்னாட்டு ஒப்பந்தம் இதை ஒரே வரியில் முடித்துவிட்டது: 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகப் பிரிக்கப்படாத தொட்டியில் திரவம் ஏற்றினால், 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது அல்லது 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூழ் போன்ற கெட்டித் திரவங்களுக்கு விலக்கு உண்டு, அவை அலையாடாது.

லோடு ஏற்றும் இடத்திலேயே செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. தொட்டி நான்கு அறைகளாக முழுதும் அடைத்துப் பிரிக்கப்பட்டது, ஏற்ற வேண்டியது பாதி லோடு. நான்கிலும் பாதிப் பாதி ஊற்றலாம், அல்லது இரண்டை நிரப்பி இரண்டைக் காலியாக விடலாம். எடை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இரண்டாவது முறையில் பக்கவாட்டுத் தளும்பலின் வலு பத்தில் ஒரு பங்குதான். எந்த இரண்டை நிரப்புவது என்பதை அச்சுகளின் எடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பின்னறைகளை மட்டும் நிரப்பினால் இழுக்கும் வண்டியின் சக்கரங்களுக்குப் பிடிப்பு போய்விடும்.

மறுபடி புள்ளிவிவரத்துக்கு வருகிறேன், இந்த முறை அது கொஞ்சம் உதவுகிறது. அதே அமெரிக்கப் பயிற்சித் தகவல்களின்படி, டேங்கர்கள் கவிழ்ந்தவற்றில் பாதிக்கு மேல் நேரான சாலையில். நெடுஞ்சாலையில் ஏறி இறங்கும் வளைவுகளில் நடந்தவை 7 சதவீதம் மட்டுமே. ‘அந்த வளைவில் ஏதோ இருக்கிறது’ என்று நள்ளிரவுக் கதை சொல்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். நேரான சாலையில் நடப்பது இதுதான்: கவனம் சிதறி, ஓரச் சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்குகிறது. அந்தப் பக்கம் சாய்ந்த வண்டியில் திரவமும் அந்தப் பக்கம் திரள்கிறது. ஓட்டுநர் பதறிச் சட்டென்று ஒடித்துச் சாலைக்கு ஏற்றுகிறார். பிறகு எதிர்ப்பக்கம் திருப்புகிறார். 1.7 நொடி ஊஞ்சலுக்கு இதைவிடப் பொருத்தமான தள்ளல் வேறில்லை. மெல்ல வேகத்தைக் குறைத்து, மண்ணிலேயே நேராக ஓடவிட்டு, பிறகு ஏறுவதுதான் சரி. ஆனால் பதற்றத்தில் கை அதைச் செய்யாது.

கை செய்யாததை எலெக்ட்ரானிக்ஸ் ஓரளவு செய்கிறது. இழுவைத் தொட்டிகளில் பொருத்தும் கவிழ்வுத் தடுப்பு அமைப்பு பக்கவாட்டு முடுக்கத்தை அளந்துகொண்டே வரும். அது ஓர் அளவைத் தாண்டியதும், ஓட்டுநருக்குத் தெரியாத அளவுக்கு மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் பிரேக்கை ஒரு நொடி தொட்டுப் பார்க்கும். வளைவின் உள்பக்கச் சக்கரம் தரையை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தால் அந்தத் தொடுதலுக்கு வேகம் குறையாமல் சுழலும். தரையிலிருந்து கிளம்பப் போகிற சக்கரமென்றால் சட்டென்று வேகம் குறைந்துவிடும். அந்த ஒரு அறிகுறி போதும், உடனே முழு பிரேக் விழும். தொட்டிக்குள் என்ன திரவம், அலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தச் சக்கரம் லேசாகிவிட்டதா என்பதைத்தான் அது கவனிக்கிறது. விளிம்பைத் தாண்டி மண்ணுக்குள் புதைந்த சக்கரத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை, அங்கே வண்டியைச் சாய்ப்பது பள்ளம்.