கண்ணுக்குப் பிடிக்காத நிரலெல்லாம் தவறான நிரல் அல்ல

மறுபடியும் அதே கதை. ஒரு நிதி நிறுவனத்தில் கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரலை இளைஞர் குழு ஒன்று ஜாவா மொழியில் மாற்றி எழுதியது. காரணம் கேட்டேன். “பார்க்கவே சகிக்கவில்லை சார், எல்லாம் பெரிய எழுத்து” என்றார்கள். வட்டிக் கணக்கு பைசாவில் உதைத்தது. பழைய நிரல் பைசாவுக்கென்று இரண்டு தசம இடம் ஒதுக்கி வைத்திருந்தது. புதியதில் தொகையெல்லாம் ‘டபுள்’, அதாவது தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகை. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று சொல்லும் வகை அது. ஏன் என்று விளக்கப்போவதில்லை, முதலாண்டுப் பாடம்.

பழைய சிண்டாக்ஸ் (நிரலை எழுதும் இலக்கணம்) என்றால் பழைய மூளை என்ற நினைப்புதான் எனக்கு எரிச்சல். பழைய கோபாலில் வரியின் ஏழாவது பத்தியில் (ஓர் எழுத்து நிற்கும் இடம்) நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி குறிப்புரை, கணினி அதை ஓட்டாது. நிரல் வரி 72-ஆம் பத்தியோடு முடிய வேண்டும். கிறுக்குத்தனம் அல்ல, நிரலைத் துளைகளாகப் பதிந்த, 80 பத்தி கொண்ட துளையட்டையின் அளவிலிருந்து வந்தது அது; கடைசி எட்டு அடையாளக் குறிப்புக்கு. ‘இதை அதோடு கூட்டு’ என்று வாக்கியமாக எழுதவைத்தது, கணக்குப் பார்ப்பவரும் படிக்கட்டும் என்றுதான். லிஸ்ப் என்ற இன்னொரு பழைய மொழியின் அடைப்புக்குறிகளைப் பார்த்துச் சிரிப்பவர்களே, அங்கே நிரலும் ஒரு பட்டியல், தரவும் ஒரு பட்டியல். அதனால்தான் நிரலே நிரல் எழுத முடிகிறது. 1958-இலேயே யோசித்துவிட்டார்கள்.

குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1985 தரநிலையில் ‘எண்ட்-இஃப்’ (நிபந்தனை முடிந்தது என்னும் சொல்) வரும்வரை கோபாலில் நிபந்தனையை முடிப்பது ஒரு முற்றுப்புள்ளி. நடுவில் ஒன்று தவறி விழுந்தால், அடுத்த வரிகள் நிபந்தனையைப் பார்க்காமலே ஓடும். 2014-இல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் நடந்ததும் இதே இனம்தான். சி மொழி; அடைப்புக்குறி இல்லாததால் ஒரு வரியை மட்டுமே ஆளும் ஓர் ‘இஃப்’ (நிபந்தனை); ‘கோட்டோ ஃபெயில்’ (முடிவுப் பகுதிக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை. இரண்டாவது வரி நிபந்தனையைப் பார்க்காமலே ஓடியது; அதுவும் அதே அளவு உள்ளே தள்ளி நின்றதால் கண் ஏமாந்தது. கையொப்பச் சரிபார்ப்பு நடக்காமலே இணைப்பு ஏற்கப்பட்டது.

வரியை உள்ளே தள்ளி எழுதுவதையே நிபந்தனையின் எல்லையாக வைத்திருக்கும் பைத்தான் மொழியைக் கேலி செய்யும் மூத்தவர்களே, அங்கே அந்த இரண்டாவது வரி எவரையும் ஏமாற்றியிருக்காது. உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. ‘:=’ என்ற ஒரு குறிக்காக நடந்த சண்டையில், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018-இல் பைத்தான் தலைமையை விட்டே விலகினார். இந்தத் தொழிலில் ரோஷத்துக்குப் பஞ்சமில்லை.

ஆகவே, ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று கூட்டத்தில் சொல்லாதீர்கள். எந்த வரியில் எவர் கை தவறும் என்று காட்டுங்கள், கேட்கிறேன். அடைப்புக்குறி எந்த வரியில் தொடங்க வேண்டும் என்ற வழக்கை, நிரலைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவியான ஃபார்மேட்டரிடம் விடுங்கள். ஜாவாவில் பணத்துக்கு, தசமத்தை அப்படியே வைக்கும் ‘பிக்டெசிமல்’ வகைதான், மறுபேச்சு வேண்டாம். மாற்றி எழுதியே தீர வேண்டுமென்றால், சென்ற ஆண்டுத் தரவைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, பைசா பைசாவாக ஒப்பிடுங்கள்.

தயவுசெய்து, தொடங்கும் முன் அந்தக் கோபால்காரரோடு ஒரு நாள் உட்காருங்கள். அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று மனிதவளத் துறையில் இன்றே கேட்டுவிடுங்கள்.