‘கப்’புக்குத் தமிழ் கோப்பையா, நாழியா?

முந்திரிக்கொத்து என்ற பலகாரம் செய்யலாமென்று ஒரு சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு மாமிக்குப் போன் செய்தேன். “2 கப் சிறுபயறு” என்று படித்ததும், “எந்தக் கப்பு மக்களே, சாயா குடிக்கதா?” என்று கேட்டார். கேரள எல்லையை ஒட்டிய ஊரில் கேட்டிருந்தால் கப்ப என்று காதில் விழுந்து மரச்சீனிக் கிழங்கையே எடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் மாமியின் கேள்வி சரியான கேள்வி.

கப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன். அங்கே ‘கூப்பா’ என்றால் தொட்டி, பீப்பாய். அதிலிருந்து வந்த ‘குப்பா’ குடிக்கும் பாத்திரமாகச் சுருங்கியது. கப்புக்குத் தமிழ் கோப்பை என்று பலர் எழுதுகிறார்கள். கோப்பையோ போர்ச்சுகீசியக் ‘கோப்பு’விலிருந்து வந்தது, அதற்கும் மூலம் அதே லத்தீன்தான். அதாவது தம்பியை அனுப்பிவிட்டு அண்ணனை வீட்டுக்குள் அழைத்திருக்கிறோம். போகட்டும், கோப்பை பழகிய சொல். என் குறை வேறு: கோப்பை குடிக்கும் பாத்திரம், அளக்கும் பாத்திரம் இல்லை.

அளக்கும் பாத்திரத்துக்கு நம்மிடம் நாழி இருந்தது. உள்ளே துளையுள்ள குழல்தான் நாழி. மூங்கில் கணுவை ஒட்டி வெட்டினால் ஒரு பக்கம் அடைத்த குழல் கிடைக்கும், அளக்க அது போதும். “உண்பது நாழி உடுப்பவை இரண்டே” என்கிறது புறநானூறு. சாப்பாட்டை நாழி அளவால் சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது. நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஒன்றரை நாழிக்குத் தனிச்சொல்லே உண்டு: நாழியும் உரியும் சேர்ந்தால் ‘நாடுரி’. அந்தப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் ஒரு சூத்திரம் ஒதுக்கியிருக்கிறது. அளவுச்சொல் அன்றாடம் வாயில் புழங்காமல் இலக்கணத்தில் ஏறியிருக்காது.

ஆனாலும் கப் வருமிடமெல்லாம் நாழி என்று எழுதச் சொல்ல மாட்டேன். நாழி ஊருக்கு ஊர் மாறும், அதற்கு மேலுள்ள பெரிய அளவும் மாறும். தமிழ் வாய்பாட்டில் 8 நாழி ஒரு குறுணி, மலையாள வழக்கில் 4 நாழி ஒரு இடங்கழி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு கணக்கும் காதில் விழும். கப்பும் யோக்கியமில்லை. அமெரிக்கக் குறிப்பில் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200.

அப்புறம், கப்பைக் கிராமாக்குவது. தமிழில் முகத்தலும் நிறுத்தலும் வேறுவேறு அளவை. முகத்தல் என்றால் மொண்டு எடுப்பது, நிறுத்தல் என்றால் தராசில் வைப்பது. ஒன்றை மற்றதாக மாற்ற நடுவே பொருளின் அடர்த்தி வேண்டும். 240 மில்லி கப்பில் தண்ணீர் 240 கிராம். தேங்காய் எண்ணெய் 220 பக்கம்தான், அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது. பச்சரிசியோ சீனியோ ஏறக்குறைய 200. மாவு 120 முதல் 130, அதுவும் தலைதட்டி அளந்தால். அமுக்கி அடைத்தாலோ கோபுரமாகக் குவித்தாலோ எடை எங்கேயோ போய்விடும். மாவை நிறுத்துவதே நல்லது.

ஆகவே என் வழக்கம் இது: 240 மில்லி என்று குறித்த பாத்திரமானால் ‘அளவுக்கிண்ணம்’ என்று எழுதி, பக்கத்தில் மில்லியையும் போடுவேன். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் மட்டும் வேண்டுமானால் ‘பங்கு’. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்றால் டம்ளரில் அளந்தாலும் தேங்காய்ச் சிரட்டையில் அளந்தாலும் சோறு ஒன்றுதான்.

முந்திரிக்கொத்து என்னவாயிற்று என்றால், குறிப்பு சொன்ன 2 கப் பயறுக்குப் பதிலாக நான் பொடித்த பயறுமாவில் 2 கப் எடுத்துவிட்டேன். கருப்பட்டிப் பாகு மிஞ்சி, உருண்டை பிடிக்கவே வரவில்லை. “பயற அளந்துட்டுல்லா வறுத்துப் பொடிக்கணும்” என்றார் மாமி. அவர் அளப்பது ஒரு பழைய பால்மாவு டின்னில்: பயறுக்கும் அதுதான், பொடித்த கருப்பட்டிக்கும் அதுதான்.