சின்ன அடுப்புக்கு விறகு வாங்கும்போது தடிமனையும் கேளுங்கள்

விறகு கேட்டு அழைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது நீளத்தைத்தான். "அடுப்பு சின்னது, 20 சென்டிமீட்டருக்கு அறுத்துக் கொடுங்கள்" என்பார்கள். தடிமன் எவ்வளவு என்று கேட்டால் எதிர்முனையில் ஒரு தயக்கம். "அது எப்படி இருந்தாலும் எரியும்தானே?" எரியும். ஆனால் புகையோடு எரியும்.

நீளக் கணக்கு எளிது. அடுப்புக் கதவுக்கு உள்ளே விறகு எரியும் அறையை உள்பக்கமாக அளந்து, இரண்டு முனையிலும் இரண்டு விரல் இடம் விட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். வெளி அளவைச் சொல்பவர்கள் உண்டு. உள்ளே பதித்திருக்கும் செங்கல்லின் தடிமன் அதில் விட்டுப்போகும். விறகு கதவில் முட்டினால் கதவைத் திறந்துவைத்தே எரிப்பார்கள். அறைக்குள் புகை வரும், தீப்பொறி தெறிக்கும்.

தடிமனுக்கு வருவோம். சூடேறும்போது விறகிலிருந்து ஆவிகள் கிளம்பும். நாம் பார்க்கும் சுவாலை அந்த ஆவிகள் எரிவதுதான். சின்ன அடுப்பில் இருக்கும் தணலும் கொஞ்சம்தான். அதன்மேல் பெரிய கட்டையை வைத்தால் இருக்கும் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். ஆவி வரும், ஆனால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு இருக்காது. அப்படியே புகையாகப் போய்விடும். 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டையை நான்காகப் பிளந்தால் அதன் பக்கப் பரப்பு இரண்டு மடங்காகிறது. அதே மரம்தான், பற்றும் இடம் மட்டும் இரட்டிப்பு.

அதற்காக எல்லாவற்றையும் சிலாம்பாக வாங்கவும் வேண்டாம். அத்தனையும் ஒரேயடியாகப் பற்றினால் உள்ளே வரும் காற்று போதாது, மறுபடியும் புகைதான். நிமிடத்துக்கு ஒருமுறை அடுப்பைக் கவனித்துக்கொண்டும் இருக்க வேண்டும். சின்ன அடுப்புகளுக்கு நான் 5 முதல் 8 சென்டிமீட்டர் தடிமனில் பிளந்து, பற்றவைக்கக் கட்டைவிரல் தடிமனில் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறேன்.

அப்புறம் ஈரம். எடையில் பாதி தண்ணீராக இருக்கும் பச்சை விறகு சாதாரணம். நன்றாகக் காய்ந்த விறகில் அது 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இருபது சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகு சுமார் 14 மெகாஜூல் வெப்பம் தரும். எடையில் பாதி ஈரமென்றால் சுமார் 8தான் கிடைக்கும். மிச்சம் எங்கே போனது என்றால், முதலில் அந்த ஒரு கிலோவில் மரமே அரைக் கிலோதான். அதிலும் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. எரியாத ஆவிகள் குளிர்ந்த புகைபோக்கியில் தாராகப் படியும். கிரியோசோட் என்பார்கள். ஒருநாள் அது தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும்.

குட்டையாக அறுத்த விறகுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. மரத்தில் ஈரம் நார் ஓடும் திசையில், அதாவது அறுத்த முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பட்டை அதைத் தடுக்கும். எனவே குட்டையாக அறுத்து, பிளந்து, தரையில் படாமல் உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட்டால் சீக்கிரம் காயும். தார்ப்பாயால் முழுதாகச் சுற்றி வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அந்த ஈரம் எங்கே போகும்?

குட்டை விறகு ஏன் விலை கூடுகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு மீட்டர் கட்டையை 20 சென்டிமீட்டர் துண்டுகளாக்க நான்கு வெட்டு வேண்டும். செயின்சாவின் ஒவ்வொரு வெட்டும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது. கூலியும் அதற்கேற்பக் கூடும்.

எடைக்கு வாங்கினால் ஈரத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பாதி ஈரமுள்ள 100 கிலோ விறகு, 20 சதவீதத்துக்குக் காய்ந்ததும் 62.5 கிலோவாகிவிடும், மீதி எடைக்கு, அதாவது தண்ணீருக்கு, விறகு விலை கொடுத்திருக்கிறீர்கள். கன அளவுக்கு வாங்கினால் அடுக்கிய அளவா கொட்டிய அளவா என்று முதலிலேயே கேளுங்கள். அடுக்கிய ஒரு கன மீட்டரைக் கொட்டினால் ஏறக்குறைய ஒன்றரையாக விரியும். பெயின்ட் அடித்த பலகை, ரசாயனம் ஏற்றிய மரம் ஆகியவற்றின் துண்டுகள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சில பழைய மரப் பாதுகாப்பு ரசாயனங்களில் ஆர்சனிக் இருந்தது. எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் வரும்.

வண்டி வந்ததும் குவியலின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தின் மத்தியில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். மேல்தோலிலோ முனையிலோ குத்தினால் பெரும்பாலும் உள்ளே இருப்பதைவிடக் காய்ந்ததாகத்தான் காட்டும். விற்பவர் முனையில் குத்திக் காட்டினால் கோடாலியைக் கேட்டு வாங்குங்கள்.