நாவல், புதினம், சரித்திரம்

அழகர்கோயில் மலைமேல் பழமுதிர்சோலைக்குப் போகிறவர்கள் அங்குள்ள நாவல் மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். சுட்ட பழமா, சுடாத பழமா என்று முருகன் ஔவையை மடக்கியது அங்கேதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்த நாவல் தமிழ்ச்சொல். அலமாரியில் நாம் அடுக்கும் நாவல் வேறு.

கதை நாவலுக்கு வேர் லத்தீனின் 'நோவுஸ்', அதாவது புதிய. அதிலிருந்து இத்தாலியில் 'நோவெல்லா' என்ற சிறு கதை, பிறகு ஆங்கிலம், அப்புறம் நாம். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இச்சொல்லுக்குச் செய்தி என்ற பொருளும் இருந்தது.

தமிழில் இதற்கு நிலைத்த சொல் புதினம். மொழிபெயர்ப்புக்காக யாரோ பட்டறையில் அடித்த சொல் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. ஈழத்தில் 'என்ன புதினம்?' என்றால் என்ன சேதி என்று கேட்பது. புதுசு, சேதி, கதை என்று நாவல் வந்த வழியிலேயே புதினமும் வந்திருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. சிலர் எழுதிய 'நவீனம்' நிற்கவில்லை.

ஆனால் முதலில் எழுதியவர்கள் இவை எதையும் தலைப்பில் வைக்கவில்லை. 1879இல் வேதநாயகம் பிள்ளை வைத்தது 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1893இல் தொடராகத் தொடங்கிய 'கமலாம்பாள் சரித்திரம்' நம்ம பக்கத்துக் கதை. எழுதிய ராஜம் ஐயர் வத்தலக்குண்டுக்காரர். அதில் தமிழ்ப் பண்டிதர் வரும் பக்கங்களை இன்றும் சிரிக்காமல் தாண்ட முடியாது. பிற்பகுதியில் வேதாந்தம் ஏறியதும் எனக்குச் சலிப்புதான். அப்புறம் உ.வே.சா. தன் வாழ்க்கையை எழுதியபோதும் 'என் சரித்திரம்' என்றே வைத்தார். கற்பனைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் ஒரே சொல்!

சரித்திரம் வடசொல். 'சர்' என்றால் நடப்பது; சரித்திரம் என்றால் நடத்தை, ஒருவர் நடந்த கதை. தமிழிலும் 'நட'விலிருந்துதானே நடத்தை வருகிறது. தன்வரலாறு என்பது நல்ல தமிழ், எழுதும்போது அதையே எழுதுகிறேன். ஆனாலும் நடத்தை என்ற உள்பொருள் அதில் இல்லாதது குறைதான். ஆசிரியர் எல்லாப் பக்கத்திலும் நல்லவராகவே வரும் தன்வரலாற்றை ஐம்பதாம் பக்கத்தில் மூடிவிடுவேன். பொய் சொல்லும் கவிதையைக்கூட மன்னிக்கலாம், இதை முடியாது.

"நூற்றைம்பது வருசத்துப் பழசைப் புதினம் என்பீர்களா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியதை இன்னும் புதுமண்டபம் என்கிறோம். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. என் முதல் நாவலை அந்தத் தூண்களுக்கு நடுவில்தான், பேரம் பேசி, பாதி விலைக்கு வாங்கினேன்.